வேலாயுதன் வீட்டுப் பலா

“எல்லாம் பட்டுப்போச்சு. ஒரு தளிருகூட மிச்சமில்ல” என்று சொல்லிவிட்டு வேலாயுதன் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மாடி அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கீழே ஆரியசாலைத் தெருவில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கே மாதம் ஒருமுறை கூடுகிறவர்கள் நாற்றுப்பண்ணைக்காரர்கள். ஒட்டுக் கட்டுகிறவர்கள், பதியம் போடுகிறவர்கள், மொட்டைமாடியில் தொட்டி வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர்கள் சிலரும் உண்டு. கூட்டத்தை நடத்தும் லிங்கம் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். “வளத்தத எல்லாவனும் சொல்லுவான். கொன்னத முதல்ல சொல்லு.”

அதனால் ஒவ்வொரு கூட்டமும் சாவுச் செய்திகளோடுதான் தொடங்கும். தன் கையால் எந்தச் செடி எப்படிப் போயிற்று என்று சொன்ன பிறகே ஒருவர் தன் பெருமையைப் பேசலாம்.

வேலாயுதன் ஆட்டோ ஓட்டுபவர். பண்ணையும் கிடையாது, தொட்டியும் கிடையாது. சித்திரையில்தான் முதல் தடவை வந்தார். வீட்டுக்குப் பின்னால் நின்ற வரிக்கைப் பலாவை, காய் தொங்கும்போதே வெட்டிவிட்டதாகவும், அடிமரம் மறுபடி தளிர்ப்பதாகவும் சொன்னார். ஏன் வெட்டினார் என்று சொல்லவில்லை. கறண்டுக் கம்பியில் தட்டியிருக்கும் என்று லிங்கமே காரணம் சொல்ல, அவர் மறுக்கவில்லை.

“இந்தத் தளிரு எதனால எல்லாம் பட்டுப்போவும் அண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

லிங்கத்துக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. வருகிறவர்கள் எல்லாம் உரம் கேட்பார்கள். இவர் ஆபத்தைக் கேட்கிறார், தேறிவிடுவார் என்றார்.

அன்று முதல் ஆளுக்கு ஆள் தங்கள் பிழைகளை அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். வீடு கட்டும்போது சிமெண்டுச் சட்டி கழுவிய தண்ணீரை மாமரத்தடியில் விட்டுக் கொன்றதை உமாசங்கர் சொன்னார். கட்டி வைத்த ஆடு பட்டையைச் சுற்றோடு உரித்துத் தின்றதில் ஒரு முற்றிய ஆஞ்சிலி மரம் போனதை எலிசாள் சொன்னாள். உப்புச் சாக்கு அடுக்கிய இடத்தில் நின்ற முருங்கை கருகியது லிங்கத்தின் கதை. உப்பு வேரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும் என்று வேலாயுதன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வெள்ளறடையில் பண்ணை வைத்திருக்கும் எலிசாளுக்கு அவர்மேல் தனி இரக்கம். ஒருநாள் கூட்டம் முடிந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவருடைய ஆட்டோவில் போனபோது, முன்கண்ணாடியில் மலையாள எழுத்தில் ‘அபின்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். மகனா என்று கேட்டதற்குத் தலையசைத்தார்.

“எங்க இருக்கான்?”

“இங்க இல்ல அக்கா.”

கல்ஃபில் இருப்பான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இப்போது ஓணம் நெருங்குகிறது. தளிரெல்லாம் பட்டுப்போன செய்தியோடு வேலாயுதன் வந்திருக்கிறார். லிங்கம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மனிதர் செய்யக்கூடியதெல்லாம் நீ செய்தாய், வருந்தாதே என்றார்.

“எல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதான். ரொம்ப உபகாரம். இனி நான் வரண்டாம்னு நெனைக்கேன்” என்று வேலாயுதன் எழுந்தார்.

எலிசாள் சிரித்துக்கொண்டே மாடிப்படியின் மூலைக்குப் போனாள். கறுப்புப் பாலிதீன் பையில் நின்ற ஒரு கன்றோடு திரும்பி வந்தாள்.

மழை தொடங்கிய சமயத்தில் அவள் வேலாயுதனின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். அவர் சவாரி போயிருந்தார். பலாவின் தளிரில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளட்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்டாள். அந்தப் பெண் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டாள். கூச்ச சுபாவம்போல என்று நினைத்த எலிசாள், வேண்டிய தளிரை வெட்டிக்கொண்டுபோய்த் தன் பண்ணையிலிருந்த பலா நாற்றுகளில் ஒட்டுக் கட்டினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

“செத்துப்போச்சுன்னா நெனச்ச தம்பி? ஒனக்க பிலா நல்லா இருக்கு, பாரு.”

வேலாயுதன் கையை நீட்டவில்லை. கூட்டத்தில் கொடுத்த கன்றை வேண்டாம் என்று சொல்லும் வழக்கமில்லை. லிங்கம் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கன்றை மடியில் வைத்தார். ஒட்டுக்கு மேலே இரண்டு புது இலைகள் பளபளப்பாக விரிந்திருந்தன.

“இது ஒண்ணுதானா அக்கா?” என்று வேலாயுதன் கேட்டார்.

“ஒண்ணா? நல்ல கதை. இங்க இருக்கவங்களுக்கெல்லாம் ஆளுக்கொண்ணு கொண்டுவந்திருக்கேன். எங்க ஊரு பள்ளிக்கூடத்து முற்றத்துல ரெண்டு நட்டாச்சு. பிள்ளைகள் ஏறி விளையாட வசமா தாழயே கொம்பு விடணும்னு ஹெட்மாஸ்டர் ஸாறு சொன்னாரு. நுனி கிள்ளித்தான் குடுத்தேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். உமாசங்கர், இனி இந்த மரத்தை யாராலும் அழிக்க முடியாது என்றார்.

கைதட்டல் அடங்கும்வரை வேலாயுதன் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் எலிசாளிடம் சொன்னார்:

“இந்தப் பிலாவுல இருந்து விழுந்தாக்கும் அக்கா, எனக்க அபின் செத்தது.”