வாயாடிப் படகு

கடக்வாஸ்லா ஏரிக்கரையில் கிளப்பின் பழைய பாய்மரப் படகுகள் இரண்டு நின்றன. ராகவேந்திரா இரண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் படகேறப் போகிறான். அவன் மனைவி ஸ்ரீவித்யா அகலமான படகைத் தட்டினாள்.

"இந்த அகலப் படகே போதுங்க. அடி தட்டை, நல்ல கனம். எவ்வளவு காத்தடிச்சாலும் சாயாது."

"சாயாதுதான். ஆனா திருப்பினா, யோசிச்சு யோசிச்சுத்தான் திரும்பும். ஹடப்சர் டிராஃபிக்ல பஸ் ஓட்டற மாதிரி."

"அந்த ஒல்லிக்குச்சி மட்டும் என்னவாம்? லேசாக் காத்து பட்டாலே படுத்துக்கும். என்னையும் சேர்த்துக் கவுத்தீங்களே, மறந்துபோச்சா?"

"அது வாயாடி, வித்யா. காத்து கொஞ்சம் மாறினாலும் சுக்கான் வழியா உடனே கைக்குச் சொல்லிடும். அகலப் படகு எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கும், உங்கப்பா மாதிரி."

"அப்பாவை இழுக்காதீங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முன்னாடின்னா எதையும் ஓட்டிடுவேன். இப்ப எனக்குப் பேசற படகுதான் வேணும்."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. ஒல்லிப் படகில் அவனைக் கைப்பிடித்து ஏற்றி உட்காரவைத்தாள். அவன் உள்ளங்கையைச் சுக்கான் பிடியில் கொண்டுபோய் வைத்தாள். மறு கையிலிருந்த வெள்ளைக் கோலை வாங்கி, மடக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எதிர்ல ஏதாவது வந்தா நான் சொல்றேன், சரியா?"

"சொல்லாம இருப்பியா? உங்க ரெண்டு வாயாடிங்களையும் நம்பித்தானே ஏறியிருக்கேன்!"