இன்னொரு ரவுண்டு

என் டூரிங் பைக்கை விற்க விளம்பரம் கொடுத்திருந்தேன். ஓட்டிப் பார்க்கிறவர் கூட வந்த ஆளை என் வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் வண்டியோடு கம்பி நீட்டிவிடுவார்கள். இன்று வந்தவர் தன் மனைவியை நிறுத்திவிட்டுப் போனார்.

ஒரு சுற்று போய்த் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். “நல்லா இருக்கு. கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன்” என்றார். போகும் முன் ஒரு கீறல் விடாமல் குறை சொன்ன ஆள்.

அவர் மனைவி என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“அண்ணே, இது அவர் இல்ல.”

“பேரம் பேசலைங்கறதுக்காகவா?”

“முகம் அவர் முகம்தான். அதான் பயமா இருக்கு. இவரோட எப்படி வீட்டுக்குப் போவேன்? இன்னொரு ரவுண்டு அனுப்புங்க. அவர் திரும்பி வந்தாலும் வருவார்.”

நெடுஞ்சாலையில் ஒருமுறை வேகமாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். மறுக்காமல் கிளம்பிப் போனார்.

நாங்கள் வாசலிலேயே நின்றோம். வெகுநேரம் கழித்துத் தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“நீங்களே பார்த்துச் சொல்லுங்கண்ணே.”

வண்டி வந்து நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவள் புருஷனை நானே இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.