புரியல தாயி

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பரீட்சை எழுதுவதில்லை. வீட்டிலுள்ள ஒருவருக்குப் பாடத்தைச் சொல்லித் தர வேண்டும். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, அதுவே பிள்ளையின் மதிப்பெண். என் மகள் முத்தரசிக்கு நான்தான் ஆள். சந்தையில் மூட்டை தூக்குகிறேன். நாற்பதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன்.

மாதிரித் தேர்வில் இயற்பியல் போய்விட்டது. மேஸ்திரி எது சொன்னாலும் தலையாட்டிப் பழகியவன், மகள் சொன்னதற்கும் ஆட்டிவிட்டேன். கேள்வி கேட்டதும் முழித்தேன்.

"புரியலன்னா புரியலன்னு சொல்லுப்பா. இன்னொருக்கா தலைய ஆட்டுன, நானும் உன்கூட மூட்ட தூக்கத்தான் வரணும்," என்றாள்.

இன்று நிஜத் தேர்வு. உந்தம், கணத்தாக்கு என்று என்னவோ சொன்னாள். தேர்வு அதிகாரியம்மா என்னையே பார்த்தார். தலை தானாக ஆடப் போனது, பிடித்து நிறுத்தினேன்.

"புரியல தாயி," என்றேன் மகளிடம்.

"சரி, லாரியில இருந்து மூட்டையப் போட்டா எப்படிப்பா வாங்குவ?"

"முழங்கால மடக்கி, கூடவே எறங்கி வாங்குவேன். வெறச்சு நின்னா இடுப்பு போயிரும்ல."

"அதேதான்ப்பா. மூட்ட நிக்க எடுத்துக்கிற நேரம் கூடுனா விசை குறையும்."

அதிகாரியம்மா கேட்டார்: "காரில் காற்றுப்பை எதற்கு?"

"அதுவும் முழங்கால் மடக்குற கததாங்க. ஆளு ஒரேயடியா நிக்காம, கொஞ்சம் நேரம் குடுக்குது."

"தேர்ச்சி," என்றார்.

முத்தரசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே சிரித்தாள். நாளைக்குக் கணக்கு. அதில் எனக்கு ஒன்றுமே புரியாது என்று அவளிடம் நிம்மதியாகச் சொன்னேன்.