பொடி தூவாத குழி

தீவனக் குழியின் தார்ப்பாயை விலக்கியதும் பண்ணைக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த மக்காச்சோளத் தீவனம் பழுத்த பழம் போல மணக்க வேண்டும். காலை வெயிலில் அது கறுத்து, கொழகொழத்து, சாக்கடையாய் நாறுகிறது. நடுவில் பூஞ்சை பஞ்சு பஞ்சாய்ப் பூத்திருக்கிறது. ஒரு பிடி அள்ளுகிறாள். விரலிடுக்கில் பழுப்பு நீர் வழிகிறது. “அடுக்குக்கு அடுக்கு அந்தப் புளிக்க வைக்கிற பொடியத் தூவச் சொன்னேனே, தூவினியா?” கணவனின் தம்பி செருப்பு நுனியால் மண்ணைக் கீறுகிறான். “மழை வர்ற மாதிரி இருந்துச்சு அண்ணி. அவசரத்துல விட்டுட்டேன். நல்ல தீவனத்தோட கலந்து போட்டுடலாம். மாட்டுக்கு என்ன தெரியப் போகுது?” அவள் கையிலிருந்ததை அவன் மூக்கருகே நீட்டுகிறாள். “சினை மாட்டுக்கா இத வைக்கச் சொல்ற? மோந்து பாத்துட்டுச் சொல்லு.” அவன் முகர்கிறான், மறுகணம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. தீவனத்தைப் பார்த்தபோது எழுந்த அருவருப்பு, அவன் முகத்தைப் பார்க்கும்போது இரண்டு மடங்காகிறது. “வாயத் துடை. மொத்தத்தையும் எருக்குழிக்கு அள்ளு.” அவன் தள்ளுவண்டியை நிரப்பித் தொழுவத்தைத் தாண்டித் தள்ளுகிறான். பசியோடு நிற்கும் சினைப்பசு கழுத்தை நீட்டி, அந்த அழுகலை நோக்கி ஆசையாய் நாக்கைச் சுழற்றுகிறது. அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதன் முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறாள்.