பதினோரு செகண்ட்

"அந்த மீன்காரம்மாவத் தூக்கிடு" என்றார் டைரக்டர் கிளாட்வின்.

எடிட்டர் லூர்துபிரகாஷுக்குச் சுர்ரென்று ஏறியது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, மணியம்மாள் ரெண்டு நாள் யாவாரத்த வுட்டுட்டு வந்து நடிச்சுது. வைத்திக்குப்பம் பூரா சொல்லி வச்சிருக்கு."

"பத்து நிமிஷத்துக்கு மேல போனா குறும்படப் போட்டியில சேத்துக்க மாட்டாங்க. நம்ம படம் பதினோரு செகண்ட் கூட நிக்குது. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இப்பவே நாலே கால்."

"வேற எதனா தூக்குங்கண்ணே."

"வேற என்ன இருக்கு? ட்ரோன்ல எடுத்த கடலத் தூக்கியாச்சு. என் மச்சான் பாடுன பாட்டத் தூக்கியாச்சு. வீட்ல இனிமே சோறு போடுவாங்களான்னே தெரியல."

லூர்து விடுவதாயில்லை.

"புதுப்பொடவ கட்டினு வந்துச்சுண்ணே அந்தம்மா. படம் போடற அன்னிக்கு ஊரையே கூட்டினு வரும். தன் மூஞ்சி வரலன்னா அதுக்கு எப்படி இருக்கும்? படம் எடுக்கறவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு வேணாமா?"

நெல்லித்தோப்பு எடிட்டிங் ரூம் கடிகாரத்தைப் பார்த்தார் டைரக்டர். நியாயமான பேச்சுதான். கிளாட்வினால் அதற்கு மேல் மல்லுக்கட்ட முடியவில்லை.

"சரிடா, நீ சொல்றதுதான் சரி. கடைசி பார்ட்ட ஓட்டு."

ஓட்டினான். கதை முடிந்தது, திரை கருத்தது. அடியிலிருந்து தங்க எழுத்து ஒன்று எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, புகை விட்டு நின்றது: 'படத்தொகுப்பு: லூர்துபிரகாஷ்'. அதற்கப்புறம்தான் டைரக்டர் உட்பட மிச்சப் பேர்கள் எல்லாம் எறும்பு சைஸில் ஓடின.

கிளாட்வின் குனிந்து நேரத்தைப் பார்த்தார். தங்க எழுத்துக்கு மட்டும் சரியாகப் பதினோரு செகண்ட்.

"மணியம்மாள் இருக்கட்டும். இதத் தூக்கிட்டு, உன் பேரயும் எங்க பேரோட சேத்து ஓட வுடு. நான் டீ குடிச்சுட்டு வரேன். நீயே அனுப்பிடு."

லூர்து தங்க எழுத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். அந்தப் புகைக்கு மட்டும் மூன்று நாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உழவர்கரை மண்டபத்தில் படம் போட்டார்கள். முன்வரிசையில் மணியம்மாள். அதே புதுப்புடவை, கூட இருபத்திரண்டு பேர்.

கதை முடிந்து திரை கருத்தது. கூட வந்தவர்கள் எழுந்தார்கள்.

"உக்காருங்கடி, நான் இன்னும் வரல" என்று அவள் அதட்டிக்கொண்டிருக்கும்போதே, தங்க எழுத்து புகை விட்டுக்கொண்டு எழும்பியது.