இருபத்திரண்டு கிராம்

டம்ளரில் இருபத்திரண்டு கிராம் குறைந்தது.

'தராசு' என்று பேரெடுத்த அந்த மனிதர் இன்னொரு முறை அரிசியை அள்ளி, தலை தட்டி, நிறுத்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. டாக்டர் எழுதிக்கொடுத்தது வேளைக்கு எண்பது. மனைவி தினமும் சொல்வது, "சரியா ஒரு டம்ளர், எண்பது கிராம்."

எடை அளவு ஆய்வாளர் வேலையில் முப்பத்தொரு வருடம். கடைத்தெருவில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. 'தராசு வருது' என்றால் பாதிக் கடைகளில் எடைக்கல்லை மாற்றிவிடுவார்கள்.

சர்க்கரை என்று போன மாதம் ரிப்போர்ட் வந்தபோது அவர் முதலில் சந்தேகப்பட்டது டாக்டரை. அடுத்து, விரலைக் குத்திப் பார்க்கும் மீட்டரை. அதில் அரசு முத்திரை எங்கே என்று மருந்துக் கடையில் கேட்டார். கடைக்காரர் பயந்துபோய் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பைச் சும்மா நீட்டினார். லஞ்சம் என்று அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் சாப்பாட்டாலேயே குறைத்துக் காட்டினால் மாத்திரை வேண்டாம் என்பது பேச்சு. காட்டிவிட வேண்டும் என்று வைராக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் பதினொரு மணிக்கே வயிறு கூப்பாடு போட்டது.

எண்பது கிராமுக்கு இந்தப் பசி பசிக்காது.

அதனால்தான் மனைவி மாடியில் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்து, ஆபீஸ் தராசைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார்.

டம்ளருக்குள் விரலை விட்டார். அடி மேலே வந்திருந்தது.

மெழுகு.

அளவுக் குவளையின் அடியில் மெழுகு ஊற்றி ஏமாற்றும் இந்த வேலையை எத்தனை எண்ணெய்க் கடைகளில் பிடித்திருக்கிறார். பிடித்த ஒவ்வொன்றையும் சாப்பிடும்போது மனைவிக்கு ஒன்றுவிடாமல் விளக்கியும் இருக்கிறார். அவள் சும்மா 'உம்' கொட்டுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார்.

கத்தி முனையால் நெம்பினார். வெள்ளை மெழுகு வில்லையாகக் கழன்று வந்தது.

அதற்கு அடியில் இன்னொன்று. சிவப்பு. ஓரமெல்லாம் கறுத்து, வெடித்து, பழசாகி இருந்தது.

காலி வாளியோடு மனைவி கதவருகில் நின்றாள்.

"வெள்ளை, ரிப்போர்ட் வந்த அன்னைக்கு ஊத்தினது," என்றாள், கேட்காமலே.

"சிவப்பு?"

"அது ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரிக்கு நாலு தடவை பாத்ரூம் போக ஆரம்பிச்சீங்களே, அப்போ. சர்க்கரை டெஸ்ட் எடுங்கன்னு கால்ல விழாத குறையாச் சொன்னேன். லேப்காரன் எல்லாம் ஃப்ராடுன்னீங்க. சரி, வேற என்ன பண்றது."

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள்.

தராசு வெள்ளை வில்லையைக் கரண்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். உருகியதைச் சிவப்பின் மேல் ஊற்றினார்.

ஆறுவதற்குள், அது ஒரு பக்கம் சாயாமல் மட்டமாக நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்.