கட்டில் வண்டு

பூச்சி மருந்து அடிக்கிறவர் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கட்டில்காலிலிருந்த ஓட்டைகளில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் நிற்பவள் மாதிரி அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கணவர் போன பிறகு அந்த வீட்டில் ஈ காக்கா கிடையாது. பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு ஊரில். போனில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அங்கே யாராவது அவர்களைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மதியம் கண்ணயர்ந்தால் கட்டில்காலுக்குள் வண்டு கரக் கரக்கென்று அரிக்கும். எழுந்து பார்த்தால் கீழே மாவு மாதிரி மரத்தூள். உங்கப்பன் வீட்டுச் சொத்தா, நல்லா தின்னு என்று திட்டிக்கொண்டே பெருக்குவாள். அதைத் திட்டாத நாளில்லை.

மருந்து அடிக்கிறவர் கட்டில்காலைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் தட்டினார். பிறகு சட்டையை உதறிக்கொண்டு எழுந்து, அவள் வயிற்றில் பாலை வார்க்கிற சந்தோஷத்தில் சிரித்தார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. புழுவா இருக்கறப்பதான் உள்ள கிடந்து தின்னும். வளந்து றெக்கை முளைச்சதும் ஓட்டை போட்டு வெளிய பறந்துடும். இதெல்லாம் அதுங்க போன வழி."

அவள் அந்த ஓட்டைகளை வண்டுகள் உள்ளே வந்த வழி என்றுதான் நினைத்திருந்தாள். புதிதாக ஒன்று தெரிந்த அன்றைக்கெல்லாம், இன்னொரு ஜீவன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதென்று மனசுக்குள் சிரித்துக்கொள்வாள்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு வாரமாகச் சத்தமே வரவில்லை என்றுதான் அவரைக் கூப்பிட்டிருந்தாள். அதுகளுக்கு என்ன ஆயிற்றோ என்று வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அவர் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். பாலிஷ் போட்ட மரத்தில் வண்டு முட்டை வைக்காது, வெறும் மரம் தெரிந்தால்தான் தேடி வரும், ஒரு பூச்சு பூசிவிட்டால் இனிமேல் தொல்லையே இல்லை என்றார்.

"வேணாம்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று, பிடித்துத் தள்ளாத குறையாக அவரை அனுப்பிவைத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு, காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து கட்டில்காலில் மிச்சமிருந்த பாலிஷை வழித்துச் சுரண்டினாள். உள்ளிருந்து வெளுப்பாக மரம் தெரிந்தது.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து மற்ற மூன்று கால்களையும் சுரண்டத் தொடங்கினாள்.